மூன்றாம் மாடி வைஃபை

"கள்ளன்! சுவருக்குள்ளால வந்து களவெடுக்கிற கள்ளன்!"

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் மாக்ரெட் அன்ரி போட்ட சத்தம், கீழே கடலை வண்டிக்காரன் வரைக்கும் கேட்டது. எதிர்க் கதவில் ஹியூபேட் பெனியனோடு நின்றார். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த மனிசன்.

"ஆரைக் கள்ளன் எண்டுறாய்? எனக்குச் சொந்தமா வைஃபை இருக்கு!"

"அப்ப என்ர வைஃபை ஏன் இழுபடுது? மிலானோவில இருந்து மாப்பிள்ளையின்ர தாய் வீடியோவில கதைக்கிறா, வாயைத் திறந்தபடி அப்பிடியே நிண்டிட்டா! ஒருக்காவோ? மூண்டு தரம்! நான் வேணுமெண்டு கட் பண்ணுறன் எண்டு நினைக்கிறா!"

அன்ரியின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஒரே மகள் எவ்லினை இத்தாலி மாப்பிள்ளைக்குப் பேசி முடித்தாயிற்று. மார்கழியில் அவன் வந்து இறங்குவதுதான் பாக்கி.

இதற்குள் எவனோ ஒருவன் எவ்லினுக்குப் போன் எடுக்கிறான் என்று அன்ரிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. யாரென்று எத்தனையோ விதமாகக் கேட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை. அன்ரி போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செபமாலையில் கோத்துக்கொண்டார். "இனி எப்பிடிக் கதைக்கினம் எண்டு பாப்பம்!"

அந்த எவ்லின்தான் இப்போது தாயை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"கத்தாதீங்கோ மம்மி, பிரஷர் ஏறும். வைஃபைக்குப் பேரை மாத்தி விடுவம். ஆர் போனைத் திறந்தாலும் அதுதான் கண்ணில படும். நாங்கள் ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை."

அன்ரிக்கு அது பிடித்துப்போயிற்று. தன் போனைக் கொடுத்துவிட்டு, பரீட்சை மண்டபத்து மிஸ் மாதிரி மகளின் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஹியூபேட் கள்ளன் எண்டு போடு."

எவ்லின் தட்டினாள். இங்கிலிஷ் எழுத்தில் தமிழ் வந்தது: 'ஹியூபேட் கள்ளன் 4'.

"நாலு என்னத்துக்கு?"

"நம்பர் ஒண்டு போடாட்டி எடுக்காது மம்மி."

அன்ரி தலையாட்டினார். போன மாதம் பேங்க் பாஸ்வேர்டுக்குப் பெரிய எழுத்துப் போடு, சின்ன எழுத்துப் போடு, நம்பர் போடு என்று இதே போன் அவரைக் கண்ணீர் விட வைத்திருந்தது. "சனியன் பிடிச்ச சாமான்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நிமிடம் போகவில்லை, எதிர்வீட்டில் ஹியூபேட் குதிப்பது கேட்டது. "கிளின்ரன்! எங்கட வைஃபைக்கும் பேரை மாத்தடா, இப்பவே!" கிளின்ரன் அவருடைய மகன். அந்த வீட்டில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள்.

அன்ரியின் போனில் வந்து விழுந்தது: 'வாயாடி மாக்ரெட் 5'.

"ஆரு வாயாடி? போடு எவ்லின்! பீத்தல் பெனியன் எண்டு போடு!"

'பீத்தல் பெனியன் 5' என்று எவ்லின் போட்டாள்.

அன்றைக்குத் தொடங்கிய சண்டை மூன்று மாதம் ஓயவில்லை. மற்ற மாடிக்காரர்கள் காலையில் பேப்பர் பார்ப்பதை விட்டுவிட்டு வைஃபை பார்த்தார்கள். 'ஓட்டை வாளி மாக்ரெட் 6' என்று ஒரு நாள். 'மொட்டைத் தலை 6' என்று உடனே பதில்.

வீட்டில் இவ்வளவு கலவரம் நடந்தும் எவ்லினுக்குப் பக்தி குறையவில்லை. மெழுகுதிரி கொளுத்தக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத் தவறாமல் போய்வந்தாள்.

"நேற்று நாலு மணிக்குப் போனாய், இண்டைக்கு ஆறு மணிக்குப் போறாய். அந்தோனியார் என்ன, நாளுக்கொரு நேரமே தாறார்?"

"சனம் குறைஞ்ச நேரமாப் பார்த்துப் போறன் மம்மி."

மார்கழி பத்தாம் திகதி மாப்பிள்ளை இறங்க இருந்தான். ஒன்பதாம் திகதியே எவ்லினுக்கும் கிளின்ரனுக்கும் பதிவுக் கல்யாணம் முடிந்துவிட்டது.

செய்தி கேட்டு ஹியூபேட் வாசல் படியிலேயே குந்திவிட்டார். மிலானோ அம்மா இந்த முறை வீடியோவில் ஒரு நொடிகூட உறையவில்லை. ஒவ்வொரு வசவும் தெளிவாகக் கேட்டது.

பிள்ளைகள் வத்தளையில் வீடெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாக்ரெட் அன்ரிக்கு ஒரு விஷயம்தான் நெஞ்சைக் குடைந்தது. போன் அலுமாரிக்குள், சாவி தன் கழுத்தில், இரண்டு வீட்டுக் கதவும் சாத்தியபடி. எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று இதுகள் எப்படிச் சொல்லிக்கொண்டன?

யோசிக்க யோசிக்கக் கோபம்தான் ஏறியது. இரண்டாம் மாடி ஷஹீமாவின் மகள் சஹ்லாவைக் கூப்பிட்டுப் போனை நீட்டினார்.

"வைஃபைப் பேரை மாத்து மகள். 'பிள்ளை பிடிகாரன் ஹியூபேட்' எண்டு போடு. கடைசியில ஒரு நம்பர்."

"என்ன நம்பர் அன்ரி?"

"நாலோ அஞ்சோ, ஏதாவது ஒண்டு. எவ்லின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு போடுறவள். இல்லாட்டி எடுக்காதாமே."

சஹ்லா நிமிர்ந்து பார்த்தாள்.

"பேருக்கு நம்பரெல்லாம் தேவல்லயே, அன்ரி."