பழுப்பு பிரேம்

பழைய மூக்குக்கண்ணாடி உடைந்துபோனதால் ஆறுமுகநயினார் தாராவி மெயின் ரோட்டுக் கடைக்குப் போனார். பை தைக்கும் பட்டறையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை.

"வெறும் பிரேம்ல பவர் இருக்காது அண்ணாச்சி. மாட்டிப் பாத்தா உங்க மொகம் உங்களுக்கே மங்கலாத்தான் தெரியும்," என்றார் கடைக்காரர் ராஹில். "அதான் எல்லாரும் வீட்டாளுங்களக் கூட்டிட்டு வருவாங்க."

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அதற்குள் போன் வந்தது. ராஹில் ஹிந்தியில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார்.

நயினார் ஒரு வட்ட பிரேமை மாட்டிக்கொண்டு சுவர்க்கண்ணாடியைப் பார்த்தார். கலங்கலாகத் தெரிந்த தன் தோளுக்குப் பின்னால் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி நின்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைக்கு வந்த யாரோ என்று நினைத்துக்கொண்டார். தடித்த கறுப்பு பிரேமுக்கும் அதே தலையாட்டல். மெல்லிய பழுப்பு பிரேமுக்குச் சரியென்றாள். அவர் திரும்பியபோது பின்னால் சுவர்தான் இருந்தது.

லென்ஸ் போட்டுக் கொடுத்த அன்று ராஹில் அவரை உற்றுப் பார்த்தார். "மொகத்துக்கு எவ்ளோ எடுப்பா இருக்கு! யாரு செலக்ட் பண்ணா?"

"வீட்டுல," என்றார் நயினார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் குளித்துவிட்டு இரண்டு சட்டைகளை எடுத்துக் கட்டிலில் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, நீலச் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்தார்.

பச்சை நிறம் மெதுவாக வந்து தோளருகே நின்று, வேண்டாம் என்று தலையாட்டியது.