நீளக் குழாய்

செருப்புப் பசையை ஆய்வு செய்த இயந்திரம் வரைபடத்தில் ஒரே ஒரு முகட்டைத்தான் வரைந்திருந்தது.

"ரெண்டு கரைப்பான் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வருது சார். இயந்திரத்துல நீளக் குழாயை மாட்டினாத்தான் தனித்தனியாப் பிரியும்," என்றாள் ஆய்வாளர்.

"அதுக்கு நாள் பூரா ஆகும்மா. செருப்புப் பட்டறைக்காரருக்கு வேண்டியது ஒரு சர்டிபிகேட். நரம்பைக் கெடுக்கிற ஹெக்சேன் இல்லைன்னு எழுதிக் குடுத்துடு," என்றார் மேலாளர்.

"இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படி சார் எழுதறது?"

அவள் குழாயை மாற்றினாள். மாலையில் முகடு இரண்டாகப் பிரிந்தது. பெரியது ஹெக்சேன்.

பட்டறை முதலாளியே நேரில் வந்தார். "நீயே சொல்லிக்கோ," என்று மேலாளர் கைகழுவிவிட்டார்.

"ஹெக்சேன் நிறையவே இருக்கு சார்," என்று வரைபடத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பெரிய முகட்டின்மேல் விரலை வைத்தார். திட்டு விழப்போகிறது என்று அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"இதுக்கு முன்னாடி பசையைக் குடுத்த இடத்துல எல்லாம் ஒண்ணும் இல்லைன்னுட்டாங்கம்மா," என்றார் அவர். "எங்க பட்டறையில பசை தடவறது என் சம்சாரம்தான். ரெண்டு காலும் மரத்துப்போய்ப் படுத்திருக்கா. காரணம் தெரிஞ்சாத்தான் வைத்தியம் பண்ண முடியும்னு டாக்டர் சொல்லிட்டார். இதை அவர்கிட்ட எடுத்துட்டுப் போகலாமா?"