பிறக்காத குட்டிகளின் சத்தம்

வீட்டு நாய் மிளகுக்குக் கருத்தடை செய்வதா, ஒரு தடவையாவது குட்டி போட விடுவதா என்று செல்வினும் ஷீபாவும் ஒரு மாதமாகச் சண்டை போட்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குட்டி போட விட்டால் அதற்குப் பிறக்கக்கூடிய குட்டிகளை அங்கே திரையில் ஓடவிட்டுக் காட்டினார்கள். ஐந்து குட்டிகள். ஒன்றுக்கு மிளகைப் போலவே இடது காது மடிந்திருந்தது. எல்லாம் பாலுக்கு முனகின.

"இத்தனையையும் யாரு பாக்கது?" என்றான் செல்வின். அன்றே ஆபரேஷன் முடிந்தது.

மிளகை மடியில் வைத்துக்கொண்டுதான் அதைப் பார்த்தோம் என்பது இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

தையல் ஆறியதும் அது தேட ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. அழுக்குக் கூடையைக் கவிழ்த்தது. ஷீபாவின் பழைய நைட்டியை மூலைக்கு இழுத்துப்போய்க் குழிவாக்கியது. தனக்குப் போட்ட பிஸ்கட்டைத் தின்னாமல் அதில் கொண்டுபோய் வைத்தது.

"நாய்தான, ரெண்டு நாள்ல மறந்துரும்," என்றான் செல்வின்.

ஷீபா அந்த நைட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நமக்குப் பிள்ள பொறந்தா எப்படி இருக்கும்னு போன வருஷம் இதே மாதிரி காட்டுனாங்கல்லா. பாத்துட்டு வேண்டாம்னு வந்துட்டோம்," என்றாள். "அன்னைக்கு சத்தத்த மட்டும் நிறுத்தச் சொல்லிட்டேன்."