யூனிஸின் கை

தாம்பரத்து ஆஸ்பத்திரி அறையிலும் வாசலிலுமாக இருப்பவர்கள் நான்கு பேர். நரம்பு நோயில் படுத்திருக்கும் யூனிஸ், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கணவர் வேதசிரோமணி, பிசியோதெரபிஸ்டான மகள் ஜெரூஷா, சபைக்குச் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்ததற்காக வேதசிரோமணி எட்டு வருடங்களாக வீட்டுப்படி ஏறவிடாத மகன் ஜேசன். இன்னும் சில நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாலை வெயில் குளுக்கோஸ் பாட்டிலில் மஞ்சளாக நிற்கிறது. "அம்மா" என்கிறான் ஜேசன், வாசலில் நின்றபடியே. யூனிஸின் ஒரு விரல்கூட அசையவில்லை. "உங்கம்மாவுக்கு உன்னை அடையாளம் தெரியல" என்கிறார் வேதசிரோமணி, சுவரைப் பார்த்து. கட்டிலருகே மானிட்டர் திரையில் எழுபத்தெட்டாக இருந்த நாடித்துடிப்பு நூற்றுப்பத்தாகிறது. யூனிஸின் நெற்றி வியர்க்கிறது, கண்ணோரம் நீர் வழிகிறது. "தெரியுதுப்பா" என்கிறாள் ஜெரூஷா. "நாம நினைச்சா கையை ஆட்டுற நரம்புதான் போயிடுச்சு. இதயத்துக்கும் கண்ணீருக்கும் போற நரம்பு வேற. அதுக்கு யார் பர்மிஷனும் வேணாம், உங்க பர்மிஷன்கூட." வேதசிரோமணியால் முதுகை வளையாமல் வைத்திருக்க முடிகிறது, நெஞ்சு அடித்துக்கொள்வதை நிறுத்த முடியவில்லை. வெளியே பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் ஊதிவிட்டுப் போகிறது. "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்கிறார். யூனிஸ் கையைத் தூக்கி மகனை ஆசீர்வதித்ததாகச் சபையில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அந்தக் கையை எடுத்து ஜேசனின் தலைமேல் வைத்தவர் வேதசிரோமணி.