கிழக்குச் சுனை

சிறுத்தையின் குகையில் குடியிருந்த சுண்டெலி, அங்கே கேட்டதையெல்லாம் மான் கூட்டத்தின் தலைவனிடம் வந்து சொல்லும். முன்பு அந்த வேலையைச் செய்தது ஓர் அணில். அது சொன்னதைத் தலைவன் கூட்டத்தில் எல்லாருக்கும் சொன்னான். பேச்சு காடு முழுக்கப் பரவி, சிறுத்தை அணிலைக் கொன்றுவிட்டது.

"நாளைக்குக் கிழக்குச் சுனையில பதுங்கப் போகுது அண்ணே" என்றது சுண்டெலி.

இந்த முறை தலைவன் வாய் திறக்கவில்லை. மேற்கே புல் செழிப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி, மறுநாள் கூட்டத்தை அந்தப் பக்கம் நடத்தினான். சினையாக இருந்த அவன் தங்கையால் அந்த வழியில் இருந்த மேட்டில் ஏற முடியவில்லை. தண்ணீராவது குடிக்கலாம் என்று அவள் கிழக்குச் சுனைக்குப் போனாள். திரும்பவில்லை.

மாலையில் சுண்டெலி ஓடி வந்தது.

"தங்கச்சிகிட்டகூடவா சொல்லல?"

"சொல்லியிருந்தா, அணிலுக்கு வந்த கதிதான் உனக்கும் வந்திருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணே. குகையை விட்டே வந்திருப்பேன்."

தலைவன் தலை குனிந்தான். கண்ணீர் புல்லில் சொட்டியது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"நாளைக்கு எந்தப் பக்கம் போகுதாம்?"