காலையில் சொன்ன இடம்

இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிய குரலைப் பிரித்தெடுக்கும் முறை தனக்கே சொந்தம் என்று ஒரு கம்பெனி காப்புரிமை வாங்கியிருந்தது. அதை எதிர்த்து மீனவர்கள் போட்ட அப்பீல் முடியும்வரை மட்டும் கரையிலிருந்த வயர்லெஸ் செட்டுகளுக்கு அந்த வேலையைச் செய்ய அனுமதி.

"அமலி, எஞ்சின் போச்சு. தண்ணி ஏறுது," என்றது கடலிலிருந்து செலஸ்டினின் குரல்.

"தெக்கதான நிக்கீய? ஆள அனுப்புதேன்," என்றாள் அவன் மனைவி.

"அய்யோ, இல்லட்டி. மத்தவன் வந்து வலை போட்டுரக் கூடாதுன்னு காலைல எடத்த மாத்திச் சொன்னேன். நான் இப்ப நிக்கது..."

அந்த நேரம் பார்த்து அப்பீல் தள்ளுபடியானது. செட்டில் இரைச்சல் மட்டுமே மிஞ்சியது.

தேடப் போகும் படகுகள் எஞ்சினைக் கிளப்பிவிட்டு நின்றன.

"மைனி, எந்தப் பக்கம் போணும்?" என்று கேட்டான் செலஸ்டினின் தம்பி.

அமலி இரைந்துகொண்டிருந்த செட்டை அவனிடம் நீட்டினாள்.