தவளை ஏறிய பாறை

குளக்கரைப் பாறையில் நின்று மைனா வேடிக்கை பேசினால் கரையே வயிறு குலுங்கச் சிரிக்கும். ஒருநாள் அது, “தவளைகள் அழுக்குப் பிறவிகள். மிதித்து விரட்டினால்தான் குளம் உருப்படும்” என்றது. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் எருமைக் கன்றுகள் தவளைகளை மிதிக்கக் கிளம்பின. பதறிப்போன மைனா குறுக்கே பறந்து தடுத்தது.

“நீதானே சொன்னாய்?” என்றன கன்றுகள்.

“சிரிக்கத்தான் சொன்னேன். ஆனாலும் சொன்னது தப்பு” என்றது மைனா.

“இனி இவன் வாயே திறக்கக் கூடாது” என்றது ஆமை.

“பேசட்டும். எனக்கும் பாறையில் இடம் கொடுங்கள்” என்ற ஒரு தவளை, மேலேறி, மைனா குளிக்கும் அழகை நடித்துக் காட்டியது.

சிரித்துச் சிரித்து மைனா குளத்துக்குள்ளேயே விழுந்தது. தவளைகள்தான் அதைக் கரையேற்றின.